கேஷுவாலிட்டில பதில் சொல்ல ஒரு ஆள் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாக்டர அடிச்சாங்கன்னு நியூஸ் வந்தா ரெண்டு நாள் ஸ்ட்ரைக், ஒரு மந்திரி பேட்டி, அப்புறம் மறந்துடுறோம். 2024 நவம்பர்ல கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரில புற்றுநோய் டாக்டர் பாலாஜியை ஒரு நோயாளியோட மகன் கத்தியால குத்தினப்பவும் இதேதான். சட்டம் இல்லாமலா இருக்கு, 2008லயே தமிழ்நாட்டுல தனி சட்டம் வந்தாச்சு, ஜாமீன்ல வர முடியாத செக்‌ஷன். அதுக்கப்புறம்தான் 2012ல தூத்துக்குடில ஒரு டாக்டரம்மாவ கிளினிக்ல வச்சே கொன்னாங்க.

நான் கவர்மென்ட் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. கேஷுவாலிட்டில, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுல, யாரு முன்னாடி வந்தாங்கன்னு பாக்க மாட்டாங்க, யாருக்கு உயிர் போற நிலைமைன்னுதான் பாப்பாங்க, சிவப்பு மஞ்சள் பச்சைன்னு பிரிச்சு சிவப்பத்தான் முதல்ல எடுப்பாங்க. இது வெளிய நிக்கிற சொந்தக்காரங்களுக்கு எப்படித் தெரியும்? நமக்கு அப்புறம் வந்தவன உள்ள கூட்டிட்டுப் போறாங்களே, காசு குடுத்திருப்பானோன்னுதான் தோணும். அதோட ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு வந்தா, கூடவே பத்து பேர் வருவாங்க, அதுல பாதி பேர் தண்ணில இருப்பாங்க.

இதவிட மோசம், வழியிலயே உயிர் போயி கொண்டு வர்ற கேஸ். ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு இறந்துட்டார்னு சொல்லணும், போலீஸ் கேஸ்னா போஸ்ட்மார்ட்டம்னும் சொல்லணும், "உயிரோடதானய்யா கொண்டு வந்தோம்"னு கத்துற கூட்டத்துக்கு முன்னாடி அதச் சொல்றது பெரிய டாக்டர் இல்ல, ராத்திரி டூட்டில இருக்குற சின்னப் புள்ள, ஹவுஸ் சர்ஜன்னு சொல்ற பயிற்சி டாக்டர்தான். கேரளா கொட்டாரக்கரால 2023ல செத்துப்போன டாக்டர் வந்தனா தாசும் ஹவுஸ் சர்ஜன்தானே, போலீஸ் கூட்டிட்டு வந்த ஆளே கத்திரிக்கோலால குத்திட்டான், போலீஸ் அங்கதான் நின்னாங்க.

அதனால மெட்டல் டிடெக்டர், போலீஸ் அவுட்போஸ்ட் எல்லாம் வைங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ராத்திரில ஒவ்வொரு கேஷுவாலிட்டிக்கும் சொந்தக்காரங்க கிட்ட பேசுறதுக்குன்னே ஒரு ஆள் போடுங்க, உள்ள என்ன நடக்குது, ஏன் லேட்டாகுது, அடுத்து என்னன்னு அரை மணிக்கு ஒரு தடவை வெளிய வந்து சொல்லட்டும். செலவு ஒண்ணும் பெருசா ஆயிடாது.

இன்னொண்ணு, அடி வாங்கின டாக்டர் புள்ளையே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி நிக்கிற கொடுமை. அங்க போனா "படிக்கிற வயசு, சமாதானமா போயிடும்மா"ன்னு அனுப்பி வைக்கிறதுதான் வழக்கம். 2024 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு ஆர்டர் போட்டாங்க, ஆறு மணி நேரத்துக்குள்ள நிர்வாகமே கேஸ் குடுக்கணும்னு. நம்ம தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் அதே மாதிரி ஒரு ஆர்டர் போட்டு, குடுக்கலன்னா டீன் கிட்டயும் சூப்பிரண்ட் கிட்டயும் விளக்கம் கேளுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
மதுரை