வால் முளைத்த தங்லோங்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் அம்மாவுக்கு மூட்டுவலி கூடிப்போய், மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நாலு நாள் ஓடிவிட்டது. இப்போது தேவலை. காலையில் பாசார்வரை நடந்துபோய்க் கீரை வாங்கி வருகிறார். இங்கே பினாங்கில், ஆயர் ஈத்தாமில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மழையைக் கண்ணில் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. உன் தங்கை மகனுக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். ‘தோட்டத்துப் பிள்ளை, நல்லா இருக்கட்டும்’ என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசியைப் பிடுங்கினால் மகள் அழுகிறாள், கொடுத்தால் சோறு இறங்கவில்லை, சனி ஞாயிறில் அவளோடு உட்கார்ந்து ஏதாவது செய்யலாம் என்றால் கைவேலை எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தாய். கடையில் விற்கும் பெட்டிகளை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்காதே மலர். அந்தப் பெட்டியில் எல்லாம் வெட்டித் தயாராக இருக்கும், பிள்ளை ஒட்ட மட்டும் வேண்டும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், மறுபடி கைப்பேசியைக் கேட்பாள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சீனப் புத்தாண்டு முடிந்ததும், காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகள் ஒரு கட்டு மிஞ்சிக் கிடந்தன. தீபாவளிக்கு நாம் வாங்கியதில் மீந்த ஊதா உறைகளும் சேர்ந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கும். அதில் தங்லோங், அதாவது தொங்கவிடும் காகித விளக்கு, செய்வது சுலபம். உறையை நீளவாக்கில் இரண்டாக மடி. மடிப்புப் பக்கத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டே போ, எதிர் ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது நிறுத்திவிடு. அப்புறம் விரித்து, வளையமாகச் சுற்றி, இரண்டு முனையையும் ஸ்டேப்ளர் போட்டால் நடுவயிறு புடைத்துக்கொண்டு நிற்கும். மேலே ஒரு பட்டை ஒட்டினால் கைப்பிடி. ஒரே வெட்டு, நேர் வெட்டு என்பதால் நாலு ஐந்து வயதுக்கு இது சரியான வேலை. வளைவாக வெட்டச் சொன்னால்தான் அந்த வயதில் திணறுவார்கள்.

என் மகள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒன்று செய்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூக்கு கத்தரிக்கோலில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து வெட்டினாள். இரண்டு இடத்தில் வெட்டு ஓரம்வரை போய், பட்டைகள் அறுந்து தொங்கின. வளையமும் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பூஜை அறை வாசலில் மாட்டச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அதைப் பார்த்தேன். மறுநாள் விருந்தாளிகள் வரவிருந்தார்கள். அதே சிவப்பு உறையில் இன்னொன்றை அழகாக, சமமாக வெட்டி மாட்டினேன். அவளுடையதைக் குப்பைக் கூடையில் போட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

காலையில் பால் குவளையோடு அதன் கீழே நின்று பார்த்தாள். அழவில்லை. ‘இது என்னோடது இல்லம்மா. என்னோடதுல ரெண்டு வால் இருக்கும்’ என்றாள். தேயிலைச் சக்கையோடு கிடந்ததைத் தோண்டி எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். பழுப்புக் கறை போகவே இல்லை. என்னுடையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன், இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதன் பிறகு ஒரு வாரம், எது செய்யக் கூப்பிட்டாலும் ‘நீயே செய்ம்மா, நீதான் நல்லா செய்வ’ என்று சொல்லிவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையின் வாயில் அந்தப் பேச்சு வரலாமா? எனக்கு அந்த வாரம் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. அவள் பக்கத்தில் தரையில் உட்கார், உன் கையில் உனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு நீயும் செய். அவள் கையில் இருப்பதைத் தொடாதே.

அந்த வால்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. இவள் இடது கைக்காரி. பாலர் பள்ளியில் ‘கை இன்னும் பழகவில்லை’ என்றார்கள். அம்மா கத்தரிக்கோலை வலது கைக்கு மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் நானே இடது கையில் பிடித்து வெட்டிப் பார்த்தேன். காகிதம் வெட்டுப்படவே இல்லை, இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. சாதாரணக் கத்தரிக்கோல் வலது கைக்காகச் செய்தது. வலது கையில் பிடித்து அழுத்தும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் தாமாகவே இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். இடது கையில் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். அதோடு மேல் அலகு வெட்ட வேண்டிய கோட்டையும் மறைத்துவிடும். இத்தனை நாளாகக் குற்றம் கத்தரிக்கோலில் இருந்திருக்கிறது, நாங்கள் அவள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஜோர்ஜ்டவுனில் ஓர் எழுதுபொருள் கடையில் கேட்டு, இடது கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் வாங்கி வந்தேன். முதல் நாளே நேராக வெட்டினாள். உன் மகள் எந்தக் கை என்று நீ எழுதவில்லை. கவனித்துப் பார்.

மாவு பிசைவது உனக்கு இன்னும் எளிது. இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் தூள் உப்பு, தண்ணீர் ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாக. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசை. பிசைகிற வேலையையும் அவளிடமே கொடு, பாதிச் சந்தோஷம் அதில்தான். அகல் விளக்கு, மீன், இட்லி, அவள் இஷ்டம். உருவம் அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் இருந்தால், ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். வெறும் காற்றில் காய வைக்கலாம் என்று சொல்வதை நம்பாதே, நம் ஊர் ஈரத்தில் நாலு நாளானாலும் உள்ளே பிசுபிசுக்கும். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும் அல்லவா, காய்ந்து முடிந்ததும் கூட மழை நாளில் மறுபடி இளகும். சாயம் அடித்து மேலே வார்னிஷ் பூசினால் தாங்கும். வாயில் வைத்தால் துப்பிவிடுவார்கள், ஆனாலும் விழுங்க விடாதே, அத்தனை உப்பு சின்ன உடம்புக்கு ஆகாது. அகல் செய்தால் அதில் பேட்டரி விளக்கு வைக்கவும் வேண்டாம். அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே தொண்டையை அரித்துவிடும்.

சாயமும் வீட்டிலேயே இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசச் சொல். காய்ந்ததும் சமையல் சோடாவைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் பிரஷைத் தோய்த்து மஞ்சள் மேல் கோடு போடச் சொல். கோடு செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் தண்ணீர் சிவக்குமே, அதே வேலைதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் நான் சோடாவை வைத்துக்கொள்கிறேன். அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். இதைப் பார்த்து என் மகள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு மலாய் அத்தை மக்சிக் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவர் வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவை ஒரு கை பறித்துக் கொடுத்தார். நோன்யா பலகாரங்களில் நீலத்துக்குச் சேர்ப்பார்களே, அந்த புங்கா தெலாங். வெந்நீரில் ஊறப்போட்டால் கருநீலம், எலுமிச்சை விட்டால் ஊதா, சோடா சேர்த்தால் பச்சை. ஒரு பூவில் மூன்று சாயம் கிடைத்துவிட்டது.

அந்தச் சாயத்தோடு ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியும் கொடு. மெழுகால் தாளில் எதையாவது வரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. மேலே நீலத்தைப் பூசினால் மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாமல் கோடு வெள்ளையாகத் தெரியும். பாத்திக் துணி செய்வதும் இந்த முறையில்தான். மலேசியாவில் பாத்திக் ஓவியத்துக்கு முன்னோடி என்று போற்றப்படும் சுவா தியன் தெங் பினாங்கில்தான் வாழ்ந்தார். நீ இங்கே வந்தால் பத்து ஃபெரிங்கி பக்கம் போய்ப் பிள்ளைகளுக்குப் பாத்திக் காட்டலாம்.

அப்புறம் சாகா விதை. எங்கள் தாமான் பூங்காவில் இரண்டு சாகா மரம் நிற்கிறது, கீழே சிவப்பு சிவப்பாக உதிர்ந்து கிடக்கும். புரோட்டோன் சாகா காருக்குப் பெயர் வந்ததே இந்த விதையிலிருந்துதான். நாங்கள் பொறுக்கி வந்து முட்டை அட்டையில் பல்லாங்குழி செய்தோம். முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழிதான் வருகிறது, ஏழாவது குழிகளை வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்க அவளே பூ வரைந்தாள். இப்போது அம்மாவுக்கும் அவளுக்கும் சாயங்காலம் இதுதான் ஆட்டம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. முழுச் சிவப்பாக இருப்பதுதான் சாகா. சிவப்பில் ஒரு முனை கறுப்பாக இருந்தால் அது குன்றிமணி, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. சாகா விதையானாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துவிடு. கழிப்பறைத் தாள் சுற்றியிருக்கும் குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் அந்த வயதில் தொண்டையை அடைக்கும்.

விதை என்றதும் அப்பாவின் ஞாபகம் வருகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் வந்து, குளித்துச் சாப்பிட்டதும் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து ரப்பர் கொட்டையில் சுழலி செய்வாரே, உனக்கு நினைவிருக்கிறதா? கொட்டையில் துளை போட்டு, உள்ளே இருக்கும் பருப்பை ஆணியால் நோண்டி எடுத்து, ஈர்க்குச்சியைச் செருகி, பக்கத் துளை வழியாக நூலை வெளியே விட்டு இழுத்தால் விர்ரென்று சுழலும். உனக்கும் எனக்கும் ஆளுக்கொரு கொட்டையும் ஆணியும் கொடுப்பார். உன்னுடையது பிளந்துபோய் நீ அழுதாய். அவர் தன்னுடையதை எடுத்து உன்னிடம் கொடுத்துவிடவில்லை. பேசாமல் இன்னொரு கொட்டையை உன் பக்கம் உருட்டிவிட்டார். மூன்று கொட்டை உடைந்து நாலாவதுதான் உனக்குச் சுழன்றது. அதை எத்தனை நாள் பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டு திரிந்தாய்! தங்லோங்கைக் குப்பையில் போட்டபோது அந்த மனுஷனின் மகள் இப்படிச் செய்துவிட்டாளே என்றுதான் எனக்குப் பட்டது.

மகளை மறுபடி என் பக்கம் கூட்டி வந்தது மக்சிக்தான். நோன்புப் பெருநாள் ஹரி ராயா வருகிறதே, அரிசி போட்டு வேகவைக்கும் ஓலைக்கூடான கெதுபாட் பின்ன எனக்குச் சொல்லித்தரக் கேட்டேன். இரண்டு குருத்தோலையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, மேலே கீழே, மேலே கீழே என்று அவர் பின்னினால் ஒரு நிமிடத்தில் கூடு விழுந்துவிடுகிறது. எனக்கு மூன்று நாளாக அவிழ்ந்து அவிழ்ந்து போனது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது நாள் ‘பரவால்லம்மா, வால் இருந்தா இருக்கட்டும்’ என்றாள். மூன்றாவது நாள் தனக்கும் ஓலை கேட்டாள். அவளுக்குக் கூடு கஷ்டம். பழைய காலண்டர் தாளை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்தேன், பாய் பின்னுகிறாள். இதை எழுதும்போதும் காலடியில் அதுதான் நடக்கிறது. ஒரு வரிசையில் இரண்டு பட்டை சேர்ந்து மேலே போயிருக்கிறது. பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறைக்குக் கட்டாயம் வா. கோலாலம்பூரில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. உன் மகளுக்குக் கடலும் பார்த்ததாக இருக்கும். குருத்தோலைக்கு இப்போதே பாசாரில் சொல்லி வைக்கிறேன். செந்தூலில் உன் பக்கத்து வீடுகளில் மிச்சமிருக்கும் அங்பாவ் உறைகளை யாரும் தூக்கிப் போடுவதற்குள் கேட்டு வாங்கிக் கொண்டு வா. எங்கள் டின் காலியாகிவிட்டது.

அன்புடன்,
மீனா

பி.கு.: அம்மா உன்னிடம் அந்த நாரத்தங்காய் ஊறுகாய் பக்குவம் கேட்கச் சொன்னார். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.