எதிர்ப்பது உடம்பா, கிருமியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில் விஷயம் சரிதான். தலைப்புதான் உறுத்தியது: 'பெருகிவரும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு சக்தி'. எதிர்ப்பு சக்தி என்றாலே நம் மனதில் தோன்றுவது தடுப்பூசியால் வருவது, உடம்பைக் காப்பது. அது பெருகினால் நல்லதுதானே என்று படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிட மாட்டாரா?

இங்கே எதிர்ப்பது கிருமி. சில பாக்டீரியாக்கள் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன, சில உள்ளே நுழைந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. போதாததற்கு, அந்த வித்தைக்கான மரபணுவை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடுகின்றன. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை 1940இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

"உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்லாதவர் உண்டா? உலக சுகாதார நிறுவனம் 2015இல் 12 நாடுகளில் நடத்திய ஆய்வில் 76 சதவீதம் பேர் உடம்புதான் மருந்தை எதிர்க்கிறது என்று நம்பினார்கள். (தூக்க மாத்திரைக்கும் மார்ஃபின் போன்ற வலி மருந்துக்கும் உடம்பு பழகுவது உண்மை. அது வேறு கதை.)

பெயர்க் குழப்பத்தோடு போனால் பரவாயில்லை. 'நான்தான் மாத்திரையே போடுவதில்லையே, எனக்கென்ன' என்ற தைரியம் இதிலிருந்துதான் வருகிறது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டுக்கும் அடங்காத காசநோய்க் கிருமி, அந்த மருந்துகளைக் கண்ணால்கூடப் பார்க்காதவருக்கும் இன்னொருவரின் இருமல் வழியாகத் தொற்றும். முதல் மாத்திரையே அவருக்குப் பலன் தராது. அவர் உடம்பு எந்த மருந்துக்குப் பழகியது?

அடுத்த முறை 'மருந்துக்கு அடங்காத கிருமிகள்' என்றே தலைப்பு வையுங்கள். இடமும் அதிகம் பிடிக்காது. கலைச்சொல்தான் வேண்டும் என்றால் 'கிருமிகளின் மருந்து எதிர்ப்பு' என்று போடலாம். யார் எதிர்க்கிறார் என்பது அதிலேயே இருக்கிறது. அந்த 'சக்தி' மட்டும் வேண்டாம்.

அப்புறம், கட்டுரைக்குப் போட்டிருந்த படம். முள்முள்ளாக நிற்கும் அது கொரோனா வைரஸ். ஆன்டிபயாடிக்குக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று மூன்றாவது பத்தியில் உங்கள் கட்டுரையாளரே எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்