ஜேர்மானியரிடமிருந்து ஒளித்த காரை ஜேர்மன் நகல் என்பதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பாரிஸ் பயணக் கட்டுரையை வாசித்தேன். ஐஃபில் கோபுரம், மெட்ரோவில் பணப்பையைக் காப்பாற்றும் வழிகள், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தோசை கிடைத்த பேராச்சரியம் எல்லாம் வழமைபோல் இருந்தன. அவற்றைப் பொறுத்துக்கொண்டேன். மொன்மார்த்ர் மேட்டில் ஒரு பழைய காரைக் கண்டதாகச் சொல்லி, "ஜேர்மனியின் பீட்டிலைப் பார்த்து ஏழைகளுக்காக மலிவாகச் செய்த நகல்" என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. போதாதென்று படத்தின் கீழே "பீட்டில்" என்றே அச்சிட்டிருக்கிறீர்கள்.

படத்தில் நிற்பது பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயனின் தெ ஷெவோ (2CV). தங்களுக்குத் தெரியாததல்ல. பீட்டிலுக்கு என்ஜின் பின்னால், நான்கு சிலிண்டர், ஓட்டுவது பின் சக்கரங்கள். தெ ஷெவோவுக்கு என்ஜின் முன்னால், இரண்டே சிலிண்டர், இழுப்பது முன் சக்கரங்கள். இரண்டு என்ஜின்களையும் காற்றே குளிர்விக்கிறது, இரண்டுக்கும் முதுகு வளைந்திருக்கிறது. முதுகு வளைந்ததெல்லாம் ஒரே இனம் என்றால் ஆமையையும் நண்டையும் ஒரே சட்டியில் போட வேண்டியதுதான்.

நகல் என்ற சொல்லுக்கு வருகிறேன். டயர் செய்யும் மிஷெலின் நிறுவனம் சித்ரோயனைப் பொறுப்பேற்ற பின், 1930களின் நடுவில் சித்ரோயனை நிர்வகித்த பியேர்-ஜூல் பூலாஞ்சே தம் பொறியியலாளர்களிடம் கேட்டது கிராமத்து விவசாயிக்கு ஒரு கார். மரச்சப்பாத்து அணிந்த இரண்டு பேர், 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 3 லீற்றர் பெற்றோல். உழுத நிலத்தின் குறுக்கே ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது. 1939இல் முன்மாதிரிகள் தயார். அந்த ஆண்டுக் கண்காட்சியில் வைப்பதற்குள் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஜேர்மன் படை பாரிசுக்குள் வந்துவிட்டது. செய்து வைத்திருந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை நிறுவனமே அழித்தது, சிலவற்றை ஒளித்தது. லா ஃபெர்த்தே-விடாமில் நிறுவனத்துக்குச் சோதனைத் திடல் இருந்தது. அங்கே ஒரு களஞ்சியத்தில் கிடந்த மூன்று வண்டிகள் 1990களில்தான் வெளியுலகைப் பார்த்தன. ஜேர்மானியர் கண்ணில் படக்கூடாது என்று ஒளித்து வைத்த காரைத்தான் ஜேர்மன் காரின் நகல் என்கிறது தங்கள் இதழ். இதைவிடப் பெரிய அவமதிப்பைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. அந்த வகையில் கட்டுரையாளரின் உழைப்பைப் பாராட்டுகிறேன்.

"கண்ணாடி பாதியில் மடிகிறது, கூரை சீலையால் ஆனது, வளைவில் கப்பல்போல் சாய்கிறது" என்றும் அவர் நகைக்கிறார். கண்ணாடியைச் சுழற்றி இறக்கக் கைபிடியும் பற்சக்கரமும் வேண்டும். அதற்குக் காசும் எடையும் ஆகும். ஆகவே கீழ்ப்பாதியை மேலே மடித்துக் கொக்கியில் மாட்டினார்கள். சீலைக் கூரையால் எடை குறைந்தது; அதைச் சுருட்டிவிட்டால் உயரமான பொருளையும் ஏற்றலாம். நான் ஒரு குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தி வைத்தே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சாய்வதற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கத்து முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் படுக்கை வாட்டில் கிடக்கும் சுருள்விற்களால் இணைத்திருக்கிறார்கள். முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்தச் செய்தி பின் சக்கரத்துக்கும் போய்விடும். முட்டை உடையாதது அதனால்தான். மென்மை வேண்டும், ஆனால் சாயக்கூடாது என்பவர் அந்த விலைக்கு வேறொன்று செய்து காட்டட்டும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 1980களில் பிரான்சுக்கு வந்து, முதல் வேலையாகப் பாரிசின் புறநகரில் ஒரு கராஜில் சேர்ந்தேன். தெ ஷெவோவின் என்ஜினை நானும் இன்னொருவரும் கைகளாலேயே தூக்கி இறக்கியிருக்கிறோம். தண்ணீர் இல்லை, ஆகவே ரேடியேட்டர் இல்லை, மாரியில் உறைய எதுவும் இல்லை. சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட்கூட இல்லை. இல்லாத உதிரிப்பாகம் பழுதாகாது என்பதைப் பொறியியல் படித்த யாரிடமாவது கட்டுரையாளர் விசாரிக்கலாம்.

இந்தக் கேலிக்கு நான் புதியவனும் அல்லன். என் முதற்காரே பழைய தெ ஷெவோதான். உறவினர் அதற்குத் "தகரப்பேணி" என்று பெயர் வைத்தார்கள். கலியாண மண்டப வாசலில் மற்றவர்களுடைய ஜேர்மன் கார்களுக்கு அருகே அதை நிறுத்தவேண்டாம் என்று பெண் வீட்டாரே ஆளனுப்பிச் சொன்னதும் உண்டு. அந்த ஜேர்மன் கார்களின் மாதத் தவணை எப்படிக் கட்டப்பட்டது என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். 1948 ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் ஜனாதிபதி வின்சென்ட் ஒரியோல் முன்னிலையில் இதே காரைத் திறந்து காட்டியபோது பத்திரிகையாளர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். பிறகு வாங்க வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கிராமத்து மருத்துவருக்கும் மருத்துவச்சிக்கும் பாதிரியாருக்கும் முதலில் கொடுத்தார்கள். 1990 யூலையில் போர்த்துக்கலின் மங்குவால்தே ஆலையில் கடைசி வண்டி வெளிவரும்வரை 38 இலட்சத்துக்கு மேல் விற்றது. சரக்கு வண்டி வடிவத்தையும் சேர்த்தால் 50 இலட்சத்தைத் தாண்டும்.

தங்கள் இதழுக்கும் எனக்கும் இது முதற்பிணக்கு அல்ல. சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களைப் பற்றிப் படக்கட்டுரை வெளியிட்டீர்கள். அதில் ஒஸ்ரின் ஏ-40 நிற்கிறது, கீழே "அம்பாசிடர்" என்று போட்டிருந்தீர்கள். அன்றும் எழுதினேன். பதில் இல்லை, திருத்தமும் இல்லை. என் தகப்பனார் அந்த ஒஸ்ரினில்தான் பருத்தித்துறைப் பாதையில் ஆள் ஏற்றினார். உள்நாட்டுப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு என்ஜினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். பிரசவத்துக்குப் போனவர்களும் பிணம் எடுத்துப் போனவர்களும் அதில் ஏறினார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு ஊர் பேர் தெரியாமல் பெயர் போட்டுவிட்டு, "பழமை மாறாத அழகு" என்று தலைப்பும் கொடுத்தீர்கள். பழையது என்றால் தங்களுக்கு ஒன்று அழகு, இல்லாவிட்டால் சிரிப்பு. வேறு எதையும் அதில் பார்ப்பதற்குத் தங்கள் கட்டுரையாளர்களுக்கு நேரமில்லை போலும்.

மொன்மார்த்ரில் அவர் கண்டது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் வண்டியாக இருக்கும். பளபளவென்று மினுக்கி வைத்திருப்பார்கள். தெ ஷெவோவைப் பார்க்க நோர்மண்டிப் பக்கம் போகவேண்டும். சென்ற கோடையில் எவ்ரோவுக்கு அப்பால், இரண்டு லொறிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கூரை பாதி சுருட்டியிருந்தது, பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மரக்கறிக் கூடைகளை அடுக்கியிருந்தார்கள். ஓட்டியவருக்கு எண்பது வயது இருக்கும். அவரை முந்திய ஒவ்வொரு காரும் ஹோர்ன் அடித்தது, கோபத்தில் அல்ல. அவரும் மடித்த கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் சொன்னார். பெருவிரைவுக் கார்களில் போகும் குழந்தைகள் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். என் மகனும் பார்த்தான். சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னவன், இப்போது அதன் விலை என்ன என்று கேட்கிறான். நான் விற்ற விலையைச் சொன்னேன். இன்றைய விலையை அவனே தேடிப் பார்த்துவிட்டு என்னோடு அன்று முழுவதும் பேசவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் "படத்தில் இருப்பது பீட்டில் அல்ல, சித்ரோயன் தெ ஷெவோ, அது எதற்கும் நகல் அல்ல" என்று ஒரு வரி. இராசிபலனுக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் வேண்டாம். ஒஸ்ரினுக்கும் சேர்த்து வெளியிட்டால் நன்றி. காலம் கடந்துவிட்டது என்று தாங்கள் கருதினால் வற்புறுத்தமாட்டேன், அதற்கும் பழகிவிட்டேன்.

இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் முட்டையை எடுத்துவிடுங்கள், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். களஞ்சியத்தில் ஒளித்ததை மட்டும் வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் வாசகன்,
சார்செல், பிரான்சு