கயலுக்கு, அந்தப் புல் வண்டிப் படம் பற்றி

அன்புள்ள கயல்,

செவ்வாய்க்கிழமை நீ வாட்ஸ்அப்பில் போட்ட படம் வந்தது. கூட ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, இதையாவது அனுப்பினாயே. இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் புல் வண்டி! டிராயிங் மாஸ்டராக இருந்தும் நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன், நீ நேரிலேயே பார்த்துவிட்டாய். அம்மா தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

படம் இருக்கும் லண்டன் நேஷனல் கேலரியில் டிக்கெட் கிடையாதாமே, இன்னொரு தடவை போய்க் கிட்டே நின்று பார். முதலில் கரையில் நிற்கும் நாய். அது பார்க்கும் பக்கமே நீயும் பார்த்தால் ஆற்றில் இறங்கிய வண்டி, குதிரைகளின் சேணத்தில் அந்தச் சிவப்பு. இத்தனை பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவில் அது இல்லையென்றால் படமே மங்கிப்போயிருக்கும். வண்டி காலி, கவனித்தாயா? வலப்பக்கம் தூரத்தில் வெயில் விழும் வயலில் பொட்டுப் பொட்டாக ஆட்கள், வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. கரையோரத்தில் முதலில் எதையோ வரைந்துவிட்டு மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார், அது இப்போது லேசாக வெளியே தெரிகிறதாம். தெரியத்தானே செய்யும்.

1821-ல் லண்டன் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சியில் வைத்தபோது இதற்கு 'நிலக்காட்சி: நண்பகல்' என்று பெயர். நீ அனுப்பியபோது இங்கே நாலரை, அப்படியானால் அங்கேயும் நண்பகல்தான். வேலை நாள். லீவு போட்டிருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாமா பெண் கல்யாணத்துக்கு லீவே கிடைக்காது என்றாய், படம் பார்க்கக் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

கான்ஸ்டபிளின் அப்பாவுக்கு அந்த ஆற்றங்கரையிலேயே, ஃப்ளாட்ஃபோர்டில், மாவு மில் இருந்தது. பையன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வான் என்று இருந்தவர், அவன் படம் வரையத்தான் போவேன் என்றதும் முதலில் முறுக்கிக்கொண்டார். அப்புறம் மாதச் செலவுக்குப் பணம் கொடுத்து அவரேதான் லண்டனுக்கு அனுப்பினார். இந்தப் படம் இங்கிலாந்தில் விலை போகவில்லை, 1824-ல் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1816-லேயே போய்விட்டார். ஒன்றும் இல்லை, தெரிந்துகொள் என்று சொன்னேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடும்மா. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறு மணிக்கு மேல் போன் பண்ணு, அப்போது அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள்.

அப்பா