வெயிலைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் எரிசக்திக் கட்டுரை, மசகெண்ணெய் அருகிவரும் காலத்துக்கு நாம் எப்படி ஆயத்தமாவது என்று நன்றாகவே தொடங்கியது. நடுவில் ஒரு வரி வந்தது. கூரை சோலார் பூட்டியவர்களால்தான் இலங்கையின் மின்கட்டமைப்பு தள்ளாடுகிறதாம். கடன்பட்டுப் பனல் பூட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கின்றன. அவர்களைப் பற்றி இப்படி எழுத முன்னர் ஒரு மின் பொறியியலாளரிடம் கேட்டிருக்கலாம்.

2025 பெப்ரவரி 9 அன்று நடந்ததைத் தாங்கள் அறியாதவர் அல்லர். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள். ஞாயிறு முற்பகல் என்பதால் பாவனை குறைவு, வெயிலோ உச்சத்தில். சுழலும் பெரிய இயந்திரங்கள் சிலவே ஓடும் அந்த நேரத்தில் எந்தப் பழுது வந்தாலும் அதிர்வெண் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு, நமக்கு 50 ஹேர்ட்ஸ்) மளமளவென்று விழும். அதைத் தாங்கிப் பிடிக்கப் போதிய பற்றரித் தொகுதி கட்டமைப்பில் இருக்கவில்லை. நாடு இருண்டது, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, தொடர்ந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டும் வந்தது. இரண்டு மாதம் கழித்து நமக்குக் கிடைத்த வழிகாட்டல், புத்தாண்டுக் காலத்தில் ஏப்ரல் 13 முதல் 21 வரை தினமும் பிற்பகல் 3 மணி வரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்ற வேண்டுகோள்.

குறை வெயிலில் இல்லை. நண்பகலில் மிஞ்சுவதை மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்துக்குக் கொண்டுபோக வழி செய்யாததுதான் குறை. எண்ணெய் இயந்திரங்கள் பெரிதும் தேவைப்படுவது அந்த நான்கு மணித்தியாலத்துக்குத்தான். இரவில் எரியும் எண்ணெயைக் குறைக்காமல் பகலில் எத்தனை பனல் பூட்டினாலும், எண்ணெய்க் கப்பலை எதிர்பார்த்திருப்பது தீராது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 5 கிலோவாற் பனல் யாழ்ப்பாணத்து வெயிலில் நாளொன்றுக்கு 18 முதல் 20 அலகு தரும். 51.2 வோல்ற், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரி ஒன்றில் 5 அலகு அடங்கும். 20 சதவீதத்தை இருப்பில் விட்டால் மாலைக்கு 4 அலகு மிஞ்சும், அதாவது நான்கு மணித்தியாலத்துக்கு 1 கிலோவாற். இப்படி 24,000 வீடுகள் சேர்ந்தால் 24 மெகாவாற். சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடும் உத்துரு ஜனனி மின்நிலையத்தின் கொள்ளளவும் அதுவே.

ஆனால் பற்றரியை வாங்கிப் பூட்டிவிட்டால் மட்டும் காரியம் ஆகாது. பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர்களில் பெரும்பாலானவை காலையில் வெயில் பட்டதுமே பற்றரிக்கு ஏற்றத் தொடங்கும். 50 ஆம்பியரில் இரண்டு மணித்தியாலத்தில் பற்றரி நிரம்பிவிடும். பிறகு, நண்பகலில் எல்லார் வீட்டு மின்சாரமும் கட்டமைப்பு மேலேயே விழும். ஏற்றும் நேரத்தை முற்பகல் 10.30 முதல் 2.30 வரை என்றும், இறக்கும் நேரத்தை மாலை 6.30 முதல் 10.30 வரை என்றும் இன்வேட்டரில் பதிய வேண்டும். இதற்குப் பனலையும் பற்றரியையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வேட்டர் தேவை. பழைய இன்வேட்டர் உள்ளவர்கள் அதைக் கழற்றத் தேவையில்லை, அதிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வரும் பக்கத்தில் (மாறுமின்னோட்டப் பக்கம்) தனிப் பற்றரி இன்வேட்டரை இணைக்கலாம். பற்றரியைத் தகரக் கூரையின் கீழோ மேற்குச் சுவரிலோ வைக்கவே கூடாது, சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

அடுத்தது வோல்ற்று. நம் நாட்டு நியமம் 230, கூடினாலும் குறைந்தாலும் 6 சதவீதம். மேல் எல்லை ஏறக்குறைய 244. நீண்ட லைனின் கடைசியில் பல வீடுகள் ஒரே பேஸில், அதாவது லைனின் மூன்று மின்கம்பிகளில் ஒன்றிலேயே, சோலாரைத் தள்ளும்போது அந்த எல்லை தாண்டும், இன்வேட்டர் தானாக நிற்கும். வீட்டுக்காரர் முறையிட்டதும் சில பூட்டுநர்கள் வந்து இன்வேட்டரின் எல்லையைக் கூட்டிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி இதனால் எரிந்துபோகலாம். சரியான வேலை வேறு. முதலில் வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரிக்க வேண்டும். பிறகு மின்மாற்றியை நிறுத்தி, அதன் வோல்ற்றைப் படிபடியாகக் கூட்டிக் குறைக்கும் டப்பை ஒரு படி இறக்கினால் 2.5 சதவீதம், அதாவது 6 வோல்ற் அளவு குறையும். இரவில் கடைசி வீட்டில் வோல்ற்று விழுகிறதா என்று அளந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். இது மின்விநியோக நிறுவனத்தின் வேலை. வீட்டுக்காரர் தொட முடியாது.

ஜேர்மனியில் அதிர்வெண் 50.2 ஹேர்ட்ஸைத் தொட்டால் எல்லாச் சோலாரும் ஒரே கணத்தில் விலகும் ஆபத்து இருந்தது. அங்கே யாரும் வெயிலைத் திட்டவில்லை. சட்டம் போட்டு, பழைய இன்வேட்டர்களின் அமைப்பை மாற்றினார்கள்.

எண்ணெயால் நாம் பட்டதும் கொஞ்சமா? சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையக் கழிவெண்ணெய் மிதந்தது, 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தச் சொல்லும் வரை வழக்கு இழுபட்டது. 2022 இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது, வெங்காயத்துக்கு இறைப்பவரும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடலுக்குப் போகிறவரும் ஒரே இரவில் முடங்கினார்கள். மன்னார்க் கடலடியில் 2011 இல் கண்ட எரிவாயு இன்றுவரை ஓர் அடுப்பையும் எரிக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு சோலார் பூட்டியவர் மீது பழி விழுகிறதே என்பதுதான் எங்கள் மனத்தாங்கல்.

தங்களிடம் கேட்பது சிறிய காரியம். அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்கி, ஒரு நாளின் எந்த மணித்தியாலத்தில் நீர், நிலக்கரி, எண்ணெய், காற்று, வெயில் ஒவ்வொன்றும் எவ்வளவு மின்சாரம் தந்தது என்ற அட்டவணையை மின்கட்டமைப்பை நடத்துவோரிடம் பெற்றுப் போடுங்கள். சோலார் பூட்டியவரைப் பழித்த அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வேண்டும்.

இப்படிக்கு,
மின் இணைப்புத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
கொக்குவில்.