இந்தக் குளிரிலும் ஸ்விட்ச் சூடாகும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "அண்ணா, கோத்தகிரியில் ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியவில்லை. இந்தக் குளிரில் ஸ்விட்ச் எப்படிச் சூடாகும்?" உன் டீ பேக்டரியில் கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மாலையில் தானாக அணைந்துவிடுகிறது, சூடுதான் காரணமா என்பதுதான் நம் பேச்சு. பதில் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் டவர் போய் பேச்சு அறுந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். நம் மலையில் இதே வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

முதலில், புது ஸ்விட்சுக்கு ஆர்டர் போடாதே. காரணம் தெரியாமல் மாற்றினால் புதியதும் அதே இடத்தில் அதே மாதிரி வேகும். குன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரே வருடத்தில் இரண்டு ஸ்விட்ச் மாற்றினேன். மூன்றாவதும் மதியத்தில் தானாக அணைந்து எழுந்தது. ஆடி மழைக்குத் தகரக் கூரை ஒழுகுகிறது என்று யாரோ நல்ல மனதோடு, ஸ்விட்சை மாட்டி வைக்கும் சட்டமான ராக்கின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அது இரண்டு பக்கமும் தொங்கி, சூட்டுக் காற்று வெளியேறும் துளைகளை அடைத்திருந்தது. வேலைக்காக அதைத் தூக்கியதும், முடித்துவிட்டு இறக்கியதும் நான்தான். இரண்டு முறையும் அது என் கண்ணில் படவில்லை. அந்தப் பள்ளியின் பணம் வீணானது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அறை குளிராக இருப்பது வேறு, ஸ்விட்ச் இழுக்கிற காற்று குளிராக இருப்பது வேறு. உன் வேலை இந்த இரண்டையும் தனித்தனியே அளப்பது. கையால் தொட்டு முடிவு செய்யாதே. மேல்தகடு சூடாக இருந்தாலே கோளாறு என்று அர்த்தமில்லை. அறையில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வை. அப்புறம் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுக்கும் கன்சோலில் நுழைந்து வெப்பநிலை, விசிறி, பவர் சப்ளை மூன்றின் நிலையையும் எடு. பல ஸ்விட்சுகளில் 'ஷோ என்விரான்மென்ட்' என்று தொடங்கும் கட்டளை இதற்கு இருக்கும். காற்று நுழையும் இடத்து வெப்பம், உள்ளே சிப் அருகே உள்ள வெப்பம் இரண்டையும் காட்டும் மாடல் என்றால் பாதி வேலை முடிந்தது. காட்டாவிட்டால் தெர்மாமீட்டரையே காற்று நுழையும் துளைக்கு அருகே கொஞ்ச நேரம் கட்டி வை.

அறை 16 டிகிரி, நுழைகிற காற்று 38 என்றால் ஸ்விட்சின் மேல் பழியில்லை. சூட்டுக் காற்று திரும்பி வருகிறது. ராக் மரப் பெட்டிக்குள் இருக்கலாம், யூபிஎஸ்ஸின் சூடு நேராக அதன் முகத்தில் அடிக்கலாம். ஒரே ராக்கில் ஒரு கருவி முன்னிருந்து பின்னாகவும், இன்னொன்று பின்னிருந்து முன்னாகவும் காற்று தள்ளினாலும் இதுதான் நடக்கும். விசிறி வாங்கும்போது அதன் திசையைக் கேட்டு வாங்கு என்று இதற்காகத்தான் சொல்கிறேன். நுழைகிற காற்று 19, உள்ளே மட்டும் எச்சரிக்கை அளவைத் தொடுகிறது என்றால் விசிறியையும் தூசியையும் பார்.

உங்கள் பேக்டரியில் எனக்குத் தூசி மேல்தான் சந்தேகம். டீத்தூள் சலிக்கும் இடத்தில் இலைநார் பஞ்சு மாதிரி பறக்கும். சாதாரண மண்தூசியைப் போல உதிராமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே மெத்தை போலப் படியும். மலைக்காற்றின் ஈரம் சேர்ந்தால் இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகத்தான் சுற்றும், காற்று மட்டும் போகாது. மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்விட்சை வெளியே எடுத்துப் போய், விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊது. பிடிக்காமல் ஊதினால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். மூடியைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேன் திருப்பிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். மூடி இருந்தால்தான் காற்று சிப்புகளின் மேல் வழி பிடித்துப் போகும்.

உயரத்தையும் மறக்காதே. ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர், நீ இருக்கும் இடம் சற்றுக் கீழே. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டைச் சுமந்து போகும் காற்று குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி ஏறுகிற இடத்தில் அங்கே பன்னிரண்டரை ஏறும். நம் குளிர் இதை ஈடுகட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தூசியும் சேர்ந்தால் அந்தக் கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிடும்.

நீ சொன்னதில் முக்கியமான விஷயம், மாலை ஆறரைக்கு மேல்தான் ஸ்விட்ச் விழுகிறது, அதாவது அணைகிறது என்பது. அந்த நேரத்தில் என்னென்ன மாறுகிறது என்று யோசி. இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அவை ஸ்விட்சிலிருந்தே மின்சாரம் எடுப்பவை. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் இதற்கு பிஓஇ என்று பெயர். அதன் பழைய முறையில் கேபிள் செருகும் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 24 போர்ட்டும் முழுதாக இழுத்தால் ஏறத்தாழ 370 வாட். அதெல்லாம் ஸ்விட்சுக்குள் சூடாவதில்லை, பெரும்பங்கு கேமராவிலேயே செலவாகும். ஆனால் 90 சதவீதத் திறனுள்ள பவர் சப்ளை 200 வாட் கொடுக்கும்போது 22 வாட் உள்ளேயே சூடாக நிற்கும். அதே நேரத்தில் குளிருக்காக யாராவது கதவை அடைத்து ஹீட்டர் போடுகிறார்களா என்றும் விசாரி. எத்தனை மணிக்கு விழுந்தது என்பது ஸ்விட்சின் நிகழ்வுப் பதிவான லாக்கில் இருக்கும். பிஓஇ மொத்த வாட், வெப்பம், விழுந்த நேரம் மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து ஒரே தாளில் எழுது. வெப்பம் ஏறாமலே விழுந்தால் இது சூட்டுக் கோளாறே இல்லை, மின் அழுத்தத்தையும் யூபிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதே. மேகம் உள்ளே வந்துவிடும். ராத்திரி முழுக்க ஜீப்பில் கிடந்த ஸ்விட்சை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்து உடனே மின்சாரம் கொடுப்பதும் ஆபத்து, உள்ளே நீர் கோத்திருக்கும். பையிலேயே மூடி வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் திற.

இரண்டு நாள் குறித்து எனக்கு அனுப்பு. சனிக்கிழமை நான் கோத்தகிரி வருகிறேன். விசிறியைக் கழற்றி மாற்றினால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதையும் பார்க்க வேண்டும்.

உன் அண்ணன்