காய்ச்சல் விட்ட பிறகும் எழும்ப முடியாத பிள்ளைகள்: சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாரி தொடங்கிவிட்டால் உங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. நாடு முழுக்க அந்த வருடம் 186,000 பேருக்கு மேல் நோயாளராகப் பதிவானார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டு பிளேட்லெட் ஏறினால் வருத்தம் முடிந்தது என்று நினைக்கிறோம். பிள்ளை கிழமைக்கணக்கில் சோர்ந்து கிடந்தாலும் "காய்ச்சல் அடிச்ச உடம்பு, இளநீர் குடுங்கோ" என்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். சரியாகாமல் போகிற சில பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன். நான் ஓர் ஆசிரியை, வைத்தியர் அல்ல.

டெர்மடோமயோசைட்டிஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தசையையும் தோலையுமே தாக்குகிறது. அமெரிக்கக் கணக்கின்படி 10 லட்சம் பிள்ளைகளில் வருடத்துக்கு 2 முதல் 4 பேருக்கு வருகிறது. அரிதுதான். ஆனால் சிகிச்சை பிந்தினால் தோலுக்கடியில் கல்சியம் கட்டி கட்டியாகப் படியலாம். ஸ்டீரொயிட் வருவதற்கு முன்பு இந்த வருத்தம் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோனார்கள்.

காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நோய் வந்த பிள்ளைகளில் கணிசமானோருக்கு, அதற்கு முந்திய மூன்று மாதங்களில் சளிக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்ததாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். கொக்ஸாக்கி பி வைரஸ், பார்வோவைரஸ், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்று பலவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. தசையில் துண்டெடுத்து வைரஸைத் தேடியும் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வைரஸ் நுழைந்தால் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரோனின் தடயம் மட்டும் அந்தத் தசையிலும் தோலிலும் நிறையவே இருந்தது. கள்ளன் ஓடிப்போன பிறகும் விடியும்வரை குரைக்கிற நாயைப் போல. இன்னொரு விசயம் எனக்கு வியப்பாக இருந்தது. எம்.டி.ஏ.5 என்பது செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ.யைக் கண்டுபிடிக்கும் புரதம். சில நோயாளர்களின் உடல் அந்தக் காவல்காரனுக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்குகிறது. இவர்களில் சிலருக்குத் தசை பெரிதாகப் பாதிக்காமலே நுரையீரல் வேகமாகக் கெட்டுப்போகலாம்.

ஆக, தொற்று ஒரு தூண்டுதலாக இருக்கலாம், பரம்பரையும் வேறு காரணங்களும் சேர வேண்டும் என்ற அளவில்தான் அறிவு நிற்கிறது. டெங்குவால் இந்த வருத்தம் வருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு வதந்தியைக் கிளப்பினால் அந்தப் பாவம் என் தலையில் விழும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது உயரம், நிறை, பல், கண் எல்லாம் பார்க்கிறீர்கள். அதோடு பிள்ளையை நிலத்தில் இருத்தி, கை ஊன்றாமல் எழும்பச் சொல்லுங்கள். தன் தொடையையே பிடித்து ஏறி எழும்புகிற பிள்ளையை அப்படியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தலை இழுக்கக் கை தூக்க முடிகிறதா, படியேற முடிகிறதா என்றும் கேளுங்கள். கண்மடலிலும் விரல் மொழியிலும் தோல் தடித்து நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாடப்புத்தகப் படங்களில் அந்தத் தடிப்பு சிவப்பாகவும் ஊதாவாகவும் இருக்கும்; எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் அது வெறும் கருமையாகத் தெரியலாம். வெயில் பட்டால் கூடும். நிலாவெளி வெயிலில் எந்தப் பிள்ளைதான் கறுக்காது என்று தாய்மார் சொல்வார்கள், நானும் சொல்லியிருப்பேன்.

கால் வலி என்று வருகிற எல்லாப் பிள்ளையையும் கொழும்புக்கு அனுப்பச் சொல்லவில்லை. இன்ஃபுளுவென்சா தணிகிற நேரத்தில் கெண்டைக்கால் நொந்து, நடக்க மறுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் ஓடத் தொடங்குவார்கள். தம்பலகாமத்து வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் முதலில் எலிக்காய்ச்சலைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் உடனே. நான் சொல்வது வேறு: வலியை விடப் பலவீனம் கூடியது, இடுப்பிலும் தோளிலும் தொடங்குவது, கிழமைகள் போகப் போக மோசமாவது.

அப்படி ஒரு பிள்ளை வந்தால் இன்னொரு அன்டிபயோட்டிக்கும் விற்றமினும் எழுதவேண்டாம். சி.கே. என்ற தசை நொதிக்கு இரத்தம் எடுத்து, அது சரியாக இருந்தாலும் தடிப்பும் பலவீனமும் இருந்தால் குழந்தை வைத்திய நிபுணரிடம் கடிதத்தோடு அனுப்புங்கள். வகுப்பில் யார் கை ஊன்றி எழும்புகிறார்கள் என்று ஆசிரியர்கள் நாங்கள் தினமும் பார்க்கிறோம். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் இலக்கத்தைத் தந்தால் அதை ஓய்வறைச் சுவரில் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை